நான்கு பேர், ஒரு புராஜெக்ட், பதினைந்து வாரம்: இறுதியாண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினித் துறையில் புராஜெக்ட் கைடாக இருக்கிறேன். ஒவ்வொரு தை மாதமும் புது மாணவர்கள் வந்து பழைய சந்தேகங்களையே கேட்கிறார்கள். லேப் வாசலிலும் கேன்டீனிலும் பஸ் நிறுத்தத்திலும் சொன்ன பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் எனக்குத் தொண்டை மிச்சம். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன; எழுத்து நடைக்கு மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சார், டீமில் எத்தனை பேர் இருந்தால் நல்லது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் ஒரு டீமுக்கு நான்கு பேர் வரைதான். என்னைக் கேட்டால் மூன்று பேர் போதும் என்பேன். ஆனால் கைடுகள் குறைவு, மாணவர்கள் அதிகம் என்பதால் பெரும்பாலும் நான்கு நான்காகவே பிரித்துவிடுகிறோம்.

மூன்று பேர் இருந்தால் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 3. நான்கு பேர் என்றால் 6. ஆறு பேர் என்றால் 15. ஓர் ஆள் கூடினால் வேலை செய்ய இரண்டு கைகள் கூடுகின்றன, உண்மைதான். ஆனால் ‘நீ செய்ததை எனக்குச் சொல்’ என்ற தொல்லை அதைவிட வேகமாகக் கூடுகிறது. இந்த ஜோடிக் கணக்கை ஓரமாகக் குறித்து வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

நண்பர்களாகவே சேர்ந்து டீம் போடலாமா?

போடலாம். ஆனால் நட்பைப் பார்ப்பதற்கு முன் பஸ்ஸைப் பாருங்கள். ஒருவர் ஊத்தங்கரை, ஒருவர் தேன்கனிக்கோட்டை, ஒருவர் பாலக்கோடு, ஒருவர் ஹாஸ்டல் என்றால் நால்வரும் ஒன்றாக உட்காரும் நேரம் கல்லூரி நேரம் மட்டும்தான். நண்பர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு: ‘நீ சொன்னபடி செய்யவில்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வராது.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இருக்கிறதே, இப்போதே ஏன் சார் அவசரம்?

பாடத்திட்டத்தில் எட்டாம் செமஸ்டர் புராஜெக்டுக்கு வாரம் 20 பீரியட், 10 கிரெடிட். பதினைந்து வாரத்துக்குப் பெருக்கினால் 300 பீரியட் வருகிறது. காகிதத்தில் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. இப்போது கழித்துப் பாருங்கள். பொங்கலுக்கு ஒரு வாரம். தலைப்பு தேடுவதில் இரண்டு வாரம். இடையில் வேலையைக் காட்டும் மூன்று ரிவ்யூவுக்கும் பவர்பாயிண்ட் அலங்காரம் செய்து, கைடு சொன்ன திருத்தங்களைப் பேசித் தீர்ப்பதில் ரிவ்யூவுக்கு ஒன்றாக மூன்று வாரம். ரிப்போர்ட், பைண்டிங், கையெழுத்து என்று கடைசியில் இரண்டு வாரம். மிச்சம் ஏழு வாரம்.

அந்த ஏழிலும் அரியர் எழுதுபவர் இருக்கிறார், நேர்முகத் தேர்வுக்குப் பெங்களூரு போகிறவர் இருக்கிறார். தை மாதம் ஊர் ஊராக எருது விடும் விழா நடக்கும்போது வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் லேபில் பாதிப் பையன்களைக் காணோம். நானும் ஒரு காலத்தில் அப்படிப் போனவன்தான் என்பதால் திட்டுவதில்லை. ஆனால் நாள் போவது போவதுதான்.

ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்கிறீர்கள். செய்து பார்க்காமல் எப்படிச் சொல்வது?

சரியாகச் சொல்ல முடியாது. தவறு எந்தப் பக்கம் சாயும் என்று மட்டும் சொல்லலாம்: குறைத்துத்தான் சொல்வீர்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கனடா மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் சுமார் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55 நாளுக்கும் மேல். இதில் எனக்குப் பிடித்தது நடுவில் இருக்கும் அந்த 49தான். பயந்து பயந்து சொன்ன கணக்கும் போதவில்லை. இந்த மயக்கத்தை 1979லேயே டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் எழுதிவிட்டார்கள். வேலையை மனதில் ஓட்டிப் பார்த்து நாள் சொல்கிறோம். இதே மாதிரி வேலை போன முறை எத்தனை நாள் இழுத்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

அதனால் ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். வேலையைத் தொடங்கும் முன் நீங்கள் நினைக்கும் நேரத்தையும், முடித்த பின் ஆன நேரத்தையும் அருகருகே எழுதுங்கள். ஒரு டீமின் நோட்டில் ‘லாகின் பக்கம், 1 நாள்’ என்று இருந்தது. கீழே நான்கு நாள் தொடர்ந்து ஒரே வரி: ‘என் கணினியில் சர்வர் ஓடவில்லை.’ அந்தப் பெண் முட்டாள் இல்லை. அவளுடைய கணினியில் இருந்த டேட்டாபேஸ் பதிப்பு வேறு, டீமில் மற்றவர்களுடையது வேறு. ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. பத்து நிமிடப் பேச்சில் தீர்ந்திருக்கும். மூன்று வாரம் நோட்டு எழுதினால் உங்கள் கணக்கு எத்தனை மடங்கு பிசகுகிறது என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு சொல்லும் நாளை அந்த மடங்கால் பெருக்கிச் சொல்லுங்கள்.

வேலையை எப்படிப் பிரிப்பது? ஒருவர் ஸ்கிரீன், ஒருவர் சர்வர், ஒருவர் டேட்டாபேஸ், ஒருவர் ரிப்போர்ட். சரிதானே?

பத்து டீமில் எட்டு டீம் இப்படித்தான் பிரிக்கிறது. பார்க்க நியாயமாகவும் இருக்கிறது. இதில்தான் செமஸ்டரே முழுகுகிறது என்பது என் அனுபவம். நான்கு பேரும் அவரவர் பகுதியை மார்ச் வரை தனித்தனியாகச் செய்வார்கள். மூன்றாவது ரிவ்யூவுக்கு முந்தைய வாரம் ஒன்றாகச் சேர்ப்பார்கள். சேராது.

ஒரு டீம் ராயக்கோட்டைத் தக்காளி மண்டி விலையை விவசாயிக்குக் காட்டும் செயலி செய்தது. நல்ல தலைப்பு, டீமில் ஒருவனின் அப்பா தக்காளி போடுகிறவர். டேட்டாபேஸ் செய்தவன் மண்டியில் சொல்லும் வழக்கப்படி கிரேட் (தக்காளிப் பெட்டி) விலையைச் சேமித்தான். ஸ்கிரீன் செய்தவள் கிலோ விலை என்று நினைத்துக் காட்டினாள். டெமோவில் தக்காளி கிலோ 450 ரூபாய் என்று வந்தது. எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக, வந்தவர் சிரித்துவிட்டு, ‘நானும் வேலையை விட்டுவிட்டுத் தக்காளி போடப் போகிறேன்’ என்றார். ஒரு கிரேட்டுக்கு 25 கிலோ என்று வகுக்க ஒரே ஒரு வரி போதும். அந்த வரி யாருடைய பகுதி என்று யாருக்கும் தெரியவில்லை.

குறுக்கே வெட்டாதீர்கள், நெடுக்கே வெட்டுங்கள். ‘விவசாயி இன்றைய விலையைப் பார்ப்பது’ முழுக்க ஒருவருக்கு: ஸ்கிரீன் முதல் டேட்டாபேஸ் வரை. ‘வியாபாரி விலையைப் பதிவது’ இன்னொருவருக்கு. முதல் வாரமே ஒரு பட்டன், ஒரு விலை என்ற அளவில் எல்லாம் சேர்ந்து ஓட வேண்டும். அசிங்கமாக இருக்கட்டும், ஓடினால் போதும். ரிப்போர்ட்டை மட்டும் ஒருவருக்குக் கொடுப்பது அவருக்குச் செய்யும் துரோகம். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அவரிடமும் கோடு (புரோகிராம் வரிகள்) பற்றித்தான் கேட்பார்கள்.

கோடை வாட்ஸ்அப் குழுவில் ஜிப்பாக அனுப்பிக்கொள்கிறோம். போதாதா?

‘பைனல்’, ‘பைனல் புதியது’, ‘இதுதான் பைனல்’ என்று ஒரே நாளில் மூன்று ஜிப் வந்த குழுவை எனக்குத் தெரியும். எது கடைசி என்று கண்டுபிடிக்க ஒரு மாலை போனது. கிட் என்ற கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள்: யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாற்றை வைத்துக்கொண்டு, பலர் எழுதியதை ஒன்றாகச் சேர்த்துத் தரும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை எழுதும் ஏராளமானோரின் மாற்றங்களைச் சேர்க்க வேண்டிய தேவையில் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது அது. அத்தனை பேருக்குப் போதுமானது நான்கு பேருக்குப் போதும்.

‘எங்கள் ஊரில் நெட் வராது சார்’ என்பார்கள். கிட்டில் கமிட் செய்ய, அதாவது செய்த மாற்றத்தைப் பதிந்து வைக்க, நெட் தேவையில்லை; உங்கள் கணினியிலேயே வரலாறு சேர்ந்துகொண்டிருக்கும். மறுநாள் கல்லூரிக்கு வந்து மொத்தமாக அனுப்பலாம். அஞ்செட்டிப் பக்கத்து மாணவன் ஒருவன் செமஸ்டர் முழுக்க இப்படித்தான் செய்தான்.

கிட்டில் நான் எழுதியதை இன்னொருவன் அழித்துவிட்டான். இதற்கு ஜிப்பே பரவாயில்லை அல்லவா?

அழிந்திருக்காது, பழைய கமிட்டில் இருக்கும். மீட்டுத் தர என்னிடம் வாருங்கள், ஐந்து நிமிட வேலை. ஏன் நடந்தது என்று கேட்டால், இருவரும் ஒரே கோப்பில் பத்து நாள் தனித்தனியாக எழுதிவிட்டு ஒரே நாளில் சேர்த்தீர்கள். இரண்டு பேரின் வரிகளும் மோதுகின்றன என்று செய்தி வந்ததும் அவன் பயந்துபோய் வலுக்கட்டாயமாகத் தள்ளும் கட்டளையைக் கொடுத்தான். தினமும் காலையில் மற்றவர் எழுதியதை இழுத்துக்கொண்டு ஆரம்பித்து, மாலையில் உங்களுடையதை அனுப்பிவிட்டுப் போனால் மோதல் இரண்டு வரி, மூன்று வரி அளவிலேயே நிற்கும்.

கம்பெனிகளில் தினமும் ஸ்டாண்ட் அப் மீட்டிங் என்கிறார்கள். நாங்களும் வைக்க வேண்டுமா? டீமில் இரண்டு பெண்கள் நாலரை மணி பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்கள்.

மென்பொருள் குழுக்கள் பின்பற்றும் ஸ்க்ரம் முறையில் இந்தத் தினக் கூட்டத்துக்கு 15 நிமிடம்தான் எல்லை. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஆளுக்கு மூன்று வாக்கியம். மூன்றாவதுதான் முக்கியம். மேலே சொன்ன சர்வர் ஓடாத நான்கு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் நேரத்தை அதிகம் தின்பது, மாட்டிக்கொண்ட பிறகு வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரம்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். பென்னாகரம் பக்கம் போகும் ஒரு மாணவி மாலைக் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று டீம் லீடர் புகார் சொன்னான். அவள் வீடு போய்ச் சேர ஏழு மணி ஆகிறது, இரண்டு பஸ் மாற வேண்டும். கூட்டத்தை மதியம் டிபன் பாக்ஸ் திறக்கும் நேரத்துக்கு மாற்றச் சொன்னேன். லேபுக்குப் பின்னால் புங்க மரத்தடியில், சாப்பிட்டுக்கொண்டே பத்து நிமிடம். புகார் நின்றது. அந்த டீமில் அதிக வேலை செய்தது அவள்தான் என்று பிறகு நோட்டைப் பார்த்தபோது தெரிந்தது. எல்லோரும் இருக்கும் நேரத்தில் கூட்டம் வையுங்கள். லீடருக்கு வசதியான நேரத்தில் வைத்துவிட்டு வராதவர்மேல் பழி போடாதீர்கள்.

எங்கள் டீமில் ஒருவன் வேலையே செய்வதில்லை. என்ன செய்வது சார்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கூட்டமாக இழுக்கும்போது ஆளுக்கு ஆள் பலம் குறைவது மனித இயல்பு. மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து, 1913இல் முடிவை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிப் பலத்தைத்தான் போட்டிருந்தார்கள். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. கையை வைத்துக்கொண்டு கூடவே நடப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. யார் எவ்வளவு இழுத்தார் என்று தெரியாதபோதுதான் இது நடக்கும். வேலையை நெடுக்கே வெட்டி, பெயர் போட்டுப் பிரித்தால் பாதி நோய் குணமாகும்.

மீதியை விசாரித்துத்தான் பார்க்க வேண்டும். ஏப்ரலில் கைவிட்டுப் போன ஒரு மாணவனைப் பற்றி டீமே சேர்ந்து என்னிடம் வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். அப்பாவுக்கு மாந்தோப்புக் குத்தகை. காய் இறங்கும் நேரம், ஆள் கிடைக்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குத் தோப்புக்குப் போய், லோடு ஏற்றிவிட்டுக் கல்லூரிக்கு வந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தான். இதை நண்பர்களிடம் சொல்லக் கூச்சம். அவன் பகுதியில் பாதியை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ரிப்போர்ட்டின் படங்களையும் சோதனைப் பட்டியலையும் அவன் எடுத்துக்கொண்டான், அவற்றைத் தோப்பில் உட்கார்ந்தும் செய்யலாம். கடைசி நாள் ஒரு பெட்டி செந்தூரா கொண்டுவந்தான்.

இன்னொரு வகை, கோடு புரியாமல் பயந்து ஒதுங்குபவர். அவரை ஒரு வாரம் மற்றொருவர் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே கணினியில் எழுதவிடுங்கள். மூன்றாவது வகை, ‘எப்படியும் இவர்கள் செய்துவிடுவார்கள்’ என்று தெரிந்தே திரிபவர். இவரைப் பற்றி இரண்டாவது ரிவ்யூவுக்கு முன் கைடிடம் சொல்லிவிடுங்கள். வைவாவுக்கு முந்தின நாள் வந்து அழுதால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் டீமில் பிரச்சினை நேர்மாறு. ஒருவனே எல்லாவற்றையும் செய்துவிடுகிறான், எங்களைத் தொடவிடுவதில்லை.

முன் கேள்வியில் வந்த சும்மா இருப்பவர்களில் பாதிப் பேரை உருவாக்குபவர் இவர்தான். கெட்டிக்காரர், மற்றவர் மூன்று நாளில் செய்வதை ஒரு இரவில் முடிப்பார், பிறகு ‘யாரும் உதவவில்லை’ என்று குறைபடுவார். அவருக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு வாரம் படுத்தால் புராஜெக்டும் படுத்துவிடும். ஒரு வருடம் நடந்தது. அவரிடம் நான் சொல்வது: நீ எழுதும் கோடை இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கிட்டின் முதன்மைக் கிளையில், அதாவது டீமின் பொதுப் பிரதியில், சேர வேண்டும். முதலில் முறைப்பார். பிறகு விளக்கிச் சொல்லப் பழகுவார், சில சமயம் தன் பிழையைத் தானே பார்ப்பார்.

கடைசி வாரம் இரவு முழுக்க உட்கார்ந்தால் முடித்துவிடலாம் அல்லவா? சீனியர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

முடித்த சீனியர்தான் கதை சொல்வார், முடிக்காதவர் சொல்லமாட்டார். கடைசி வாரத்தில் நடப்பது பெரும்பாலும் ஒட்டுவேலை, அதாவது தக்காளி விலை கதை. இரவு இரண்டு மணிக்குத் திருத்திய பிழையைக் காலை பத்து மணிக்கு மறுபடி திருத்துவீர்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாள் முன்கூட்டியே நாளிதழில் வருகிறது. அதையாவது பார்த்து வையுங்கள்.

தாமதமாகிவிட்டது. நன்றாகக் கோடு எழுதும் வேறு டீம் நண்பனை உதவிக்கு அழைக்கலாமா?

ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருளை மேற்பார்த்த பிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975இல் எழுதினார். ஏன் என்பதற்கு முதல் பதிலில் குறித்து வைத்த ஜோடிக் கணக்கைப் பாருங்கள்: நான்கு ஐந்தானால் 6 ஜோடி 10 ஆகிறது. அதோடு, வருபவருக்கு உங்கள் கோடை விளக்க டீமிலேயே அதிகம் தெரிந்தவர் இரண்டு நாள் உட்கார வேண்டும். சரியாக அந்த ஆளைத்தான் நீங்கள் இழக்கக் கூடாது.

ஆளைக் கூட்டாதீர்கள், வேலையைக் குறையுங்கள். பத்து வசதி என்று முதல் ரிவ்யூவில் எழுதியிருந்தால் நான்கை வைத்துக்கொண்டு ஆறை ‘பிற்கால விரிவாக்கம்’ என்ற அத்தியாயத்துக்கு அனுப்புங்கள். அந்த அத்தியாயம் எதற்கு இருக்கிறது என்று நினைத்தீர்கள்?

ஓசூரில் பணம் கொடுத்தால் முடித்த புராஜெக்டே கிடைக்கிறதாமே?

கிடைக்கிறது. அதே புராஜெக்டை மூன்று கல்லூரிகளுக்கு விற்றிருப்பார்கள். ஒரே ஸ்கிரீன், ஒரே எழுத்துப்பிழை; பார்த்ததும் தெரிந்துவிடும்.

சாட்ஜிபிடி கோடு எழுதித் தருகிறது. இனி இந்த டீம், கூட்டம் எல்லாம் எதற்கு?

2022 கடைசியில் அது வந்ததிலிருந்து தட்டச்சு செய்யும் நேரம் குறைந்திருப்பது உண்மை. ஆனால் உங்கள் செமஸ்டர் தட்டச்சில் போகவில்லை என்பதை இதுவரை படித்தவர் ஒப்புக்கொள்வார். நால்வரும் தனித்தனியாகக் கேட்டு வாங்கினால் நான்கு விதமாக எழுதித் தரும். சென்ற வருடம் ஒரு டீமில் ஒரே தேதியை ஒருவர் நாள் முதலிலும் மற்றொருவர் மாதம் முதலிலும் வைத்திருந்தார்கள். ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிட்டது. கிரேட்டா கிலோவா என்பதை ராயக்கோட்டை மண்டியில் கேட்டுவிட்டு வந்து நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். வாங்கிய கோடை வரி வரியாக டீமில் இன்னொருவருக்கு விளக்க முடிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் வேண்டாம்.

யார் எவ்வளவு செய்தார் என்று மதிப்பெண்ணை எப்படிப் பிரிக்கிறீர்கள்? கமிட் எண்ணிக்கை பார்த்தா?

கமிட் எண்ணிக்கையைப் பார்ப்பேன், நம்பமாட்டேன். ஒருவன் ஒரு நாளில் முப்பது கமிட் செய்திருந்தான். எல்லாம் பட்டன் நிறம். இன்னொருத்தி ஒரே கமிட். அதற்குப் பின்னால் மூன்று நாள் தேடிப் பிடித்த பிழை. நோட்டு, கமிட், வைவா மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். வைவாவில் என் வழக்கம், ஒருவர் எழுதியதைப் பற்றி மற்றவரிடம் கேட்பது. ‘அது அவள் பகுதி சார்’ என்ற பதிலுக்கு மதிப்பெண் குறையும், இருவருக்குமே. இது அநியாயம் என்று சிலர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கத்தை முன்கூட்டியே அறிவித்த பிறகுதான் டீம்களில் ஒருவர் கோடை ஒருவர் படிக்க ஆரம்பித்தார்கள். அதனால் விடுவதாக இல்லை.

எனக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. பிப்ரவரியிலேயே இன்டர்ன்ஷிப்புக்கு வரச் சொல்கிறார்கள். டீமை விட்டுவிட்டுப் போவது துரோகமா?

போய் வாருங்கள், வீட்டில் காத்திருந்த வேலை. ஆனால் போகும் முன் ஒரு முழு நாளை டீமுக்குக் கொடுங்கள்: உங்கள் பகுதியைச் சுத்தமான இன்னொரு கணினியில் முதலிலிருந்து நிறுவி ஓட்டிக் காட்டுங்கள், கடவுச்சொற்களை ஒப்படையுங்கள், உங்கள் பகுதிக்கு இனிப் பொறுப்பு யார் என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்குங்கள். பெரிய பகுதியை ‘அங்கிருந்தே முடித்துவிடுகிறேன்’ என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வரும்போது இரவு ஒன்பது ஆகும். நான்காவது கேள்வியில் சொன்ன 34 நாள்காரர்கள் மாதிரி ஆகிவிடுவீர்கள். பிழை திருத்துவது, மற்றவர் கோடைப் படித்துக் கருத்துச் சொல்வது மாதிரி துண்டு வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரிவ்யூ நாளுக்கு விடுப்பு வேண்டும் என்பதைக் கம்பெனியில் சேரும் அன்றே கேட்டுவிடுங்கள். தேதியை நான் எழுதித் தருகிறேன்.